செடி கொடிக்கும் வேண்டும் குடிக்கணக்கு!

தோழர்களே!

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. எத்தனை பேர் படித்தனர், எத்தனை பேர் பதவி பெற்றனர், எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த இயக்கம் இது. கணக்கு இல்லாத இடத்தில் கண்கட்டு வித்தை நடக்கும் என்பதைக் கண்டறிந்தவர்கள் நாம். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துவந்த மக்கள்தொகைக் கணக்கு 2021இல் எடுக்கப்படாமல் போனபோது, "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டவர்களும் நாமே. இன்று நான் கேட்பது இன்னொரு கணக்கு. வாக்குச்சீட்டு இல்லாத குடிகள், வாய் திறந்து வழக்காடத் தெரியாத குடிகள், நம் மண்ணின் மரம், செடி, கொடி, புல், பூண்டு ஆகியவற்றின் கணக்கு!

"பாடுபடும் தொழிலாளிக்குப் புல் பூண்டுக் கணக்கு எதற்கு?" என்று கேலி பேசுவோர் உண்டு. அவர்களுக்கு அரிட்டாபட்டி பதில் சொல்லும்.

மதுரை மாவட்டம், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் அது. 2022 நவம்பரில், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 எக்டேர் நிலம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள் என்று அரசு ஏட்டில் எழுதப்பட்டது. ஈராண்டு உருண்டோடியது. 2024 நவம்பரில், டங்ஸ்டன் வெட்டுவதற்கென்று, அரிட்டாபட்டியையும் அடக்கிய 2,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பின் ஏல முடிவை அறிவித்தது ஒன்றிய அரசு! உழவர் கொதித்தனர், ஊர் திரண்டது, கிராமசபை தீர்மானம் தீட்டியது. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் ஒருமனதாக எதிர்த்தது. 2025 ஜனவரி 7ஆம் நாள் மேலூர் மக்கள் மதுரை நோக்கித் திரண்டு வந்தனர். அதே மாதம் 23ஆம் நாள் ஏலம் ரத்தாயிற்று.

வென்றது மக்கள் சக்தி, ஐயமில்லை. ஆனால் அந்த மக்களின் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. எழுதி வைத்த கணக்கே அந்த ஆயுதம்! ஏட்டில் ஏதும் இல்லாதிருந்தால், "வெறும் பாறை, வெட்டினால் என்ன?" என்று ஒரே வாக்கியத்தில் ஊரையே விழுங்கியிருப்பார்கள்.

ஆயினும் தோழர்களே, ஒருமுறை எழுதிய கணக்கு, ஒருமுறை எடுத்த புகைப்படம் போன்றது. பிள்ளை வளர்ந்தானா, மெலிந்தானா என்று அறிய இன்னொரு படம் வேண்டாமா? அதே இடம், அதே பருவம், அதே முறை. ஆண்டுகள் கழித்து மீண்டும் எண்ணவேண்டும். அப்போதுதான் வந்தது எது, போனது எது என்பது விளங்கும்.

இது கற்பனையல்ல. முதுமலையில் 1988இல் 50 எக்டேர் காட்டை அளந்து வைத்தனர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார். நெஞ்சுயரத்தில் ஒரு செண்டிமீட்டர் பருமனுள்ள மரம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். யானை முறித்தது எது, தீயில் கருகியது எது, புதிதாய்த் தலைதூக்கியது எது என்று மீண்டும் மீண்டும் சென்று குறிக்கிறார்கள். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்னும் ஊரில், ஒரு புல்வெளியை 1856 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். ஆட்சிகள் மாறின, அரசர்கள் மாண்டனர். புல்லின் கணக்கு மட்டும் நிற்கவில்லை!

நமக்கு அந்த மரபு இல்லையா? குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிய கபிலர் பிறந்த மொழியல்லவா நம் மொழி! நிலத்தையே பூவின் பெயரால் பிரித்தவர்கள், குறிஞ்சி என்றும் முல்லை என்றும் மருதம் என்றும் அழைத்தவர்கள் தமிழர்கள். பின்னாளில் வெள்ளைக்கார அதிகாரி கேம்பிள், சென்னை மாகாணத்துத் தாவரங்களைத் தொகுக்கத் தொடங்கினார். 1915 முதல் 1936 வரை நூல் வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் பாதிரியார் கே. எம். மாத்யூ, 1967இல் ராபினெட் தாவர உலர்காட்சியகத்தை நிறுவி, தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களை 1980களில் பெருந்தொகுதிகளாகத் தந்தார். தாளில் ஒட்டிய காய்ந்த செடி ஒவ்வொன்றும், பறித்த ஊரையும் நாளையும் சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சிகளைக் கையிலேந்தி, அதே ஊருக்குப் போய், "நீ இன்னும் இருக்கிறாயா?" என்று கேட்க வேண்டியது நம் தலைமுறையின் வேலை.

கேட்காவிட்டால் என்ன கெடும்? மறதி வரும்! மதுரையைக் கடம்பவனம் என்று பெருமை பேசுகிறோம். கடம்பின் இலையைக் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவோம்? கண்மாய்க்குள்ளும் கரைமேலும் நிற்கும் சீமைக்கருவேலத்தைப் பார்த்து வளர்ந்த பையன், அதுவே ஊரின் ஆதிமரம் என்று எண்ணுகிறான். அதுவோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது! 2017இல் அதை அகற்றுமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அதே ஆண்டில், அறிவியல் ஆய்வு எங்கே என்ற கேள்வி எழுந்து, இடைக்காலத் தடையும் வந்தது. பழைய கணக்கு கையில் இருந்தால், எது தேய்ந்தபோது அது வளர்ந்தது என்று எடுத்துக் காட்டியிருக்கலாமே! அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழையின் அடுப்பும் இதில் அடங்கியிருக்கிறது. வெட்டிய இடத்தில் என்ன முளைக்கும், யாருக்குப் பயன்படும் என்பதையும் கணக்குத்தான் சொல்லும், கூச்சல் சொல்லாது.

எச்சரிக்கையும் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் புல் குறையும். அதைக் கண்டு "அழிந்தது" என்று அலறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எண்ணியதைச் சித்திரை வெயிலில் எண்ணியதோடு ஒப்பிடக் கூடாது. தேடியவன் கண்ணில் படாததெல்லாம் இல்லாததாகிவிடாது. நேர்மையான கணக்கே நீதிமன்றத்தில் நிற்கும்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது, தோழர்களே! 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, உள்ளாட்சி தோறும் மேலாண்மைக் குழு வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்த ஏடு எங்கே? அதை எழுதியவர் யார்? ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதினாரா, உட்கார்ந்த இடத்திலேயே எழுதினாரா? ஆடு மேய்ப்பவரிடமும் களை பறிக்கும் தாய்மாரிடமும் கேட்டாரா? செடியின் பெயரையும் குணத்தையும் அறிந்த புலவர்கள் அவர்களல்லவா!

மே முதல் நாள், உழைப்பாளர் திருநாள், கிராமசபை கூடும் நாளும் அதுதான். எழுந்து நின்று கேளுங்கள்: "எங்கள் கண்மாய்க் கரையிலும் மலையடியிலும் இடம் குறித்துக் கல் நடுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பழக்குங்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி, தமிழில் எழுதி, சாவடியில் ஒட்டுங்கள்!"

மண்ணைக் கேட்டு நாளை எவன் வந்தாலும், ஏட்டை எடுத்து அவன்முன் நீட்டுவோம். எண்ணி வைத்தவன் ஏமாற மாட்டான்!

வாழ்க தமிழ்! வளர்க தமிழ் மண்!