சூனியவாதம்: ஒரு சொல்லும் அதன் மயக்கங்களும்

நமது திறனாய்வில் அடிக்கடி வழங்கப்படினும் வரையறை செய்யப்படாத பதங்களுள் ‘நிகிலிசம்’ ஒன்றாகும். தமிழில் அதனைச் சூனியவாதம் என்கிறோம். கடவுளை மறுப்பவனும் சூனியவாதி, மனமுடைந்து பாடும் கவிஞனும் சூனியவாதி, குண்டெறிபவனும் சூனியவாதி. இம்மூவரையும் ஒருங்கே சுட்டும் பதம் ஆய்வுக் கருவியாகும் தகுதியை இழந்து வசவாகிவிடுகின்றது. எந்த அறத்திற்கும் எந்த மதிப்பீட்டிற்கும் ஆதாரமில்லை, ஆதலால் ஒன்றைவிட மற்றொன்று மேலானதெனக் கூறவியலாது என்னும் நிலைப்பாடே சூனியவாதத்தின் கருவாகும். இந்த அளவுகோலைக் கைக்கொண்டால், அப்பெயர் சூட்டப்பட்டோருட் பலர் அதற்குரியரல்லர் என்பது புலனாகும்.

அச்சொல்லைப் பெருவழக்காக்கிய துர்கனேவின் ‘தந்தையரும் தனயரும்’ (1862) நாவலையே நோக்குவோம். அதன் நாயகனாகிய பசாரவ் சமயத்தையும் பிரபுத்துவ நாகரிகத்தையும் கலையையும் ஏளனஞ் செய்கின்றான். ஆயின் தவளைகளை அறுத்துச் சோதிக்கும் அவன் விஞ்ஞானத்தை ஐயுறுவதில்லை. தொற்றுநோயால் மாண்ட குடியானவனொருவனின் உடலை அறுத்துச் சோதிக்கையிற் கையிற் காயமுற்று, அந்நோயாலேயே இறக்கின்றான். எதுவும் பொருட்டன்று என்பவனின் சாவு இத்தகையதா? அதே ஆண்டிற் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பெருந்தீ மூண்டபோது, இது நிகிலிஸ்டுகளின் வேலை என்ற பேச்சு நகரெங்கும் எழுந்தது. ஒரு நாவலின் பாத்திரத்திற்கு வழங்கிய பெயர் சில மாதங்களிற் குற்றப்பத்திரிகையின் மொழியாயிற்று.

இத்தகைய பெயர்சூட்டல் நமது நாட்டிலும் நிகழ்ந்ததுண்டு. இரத்மலானை என்றதும் தமிழ் வாசகருக்குக் கொழும்பு இந்துக் கல்லூரியோ புகையிரத வேலைத்தளமோ நினைவுக்கு வரலாம். பௌத்த அறிவுலகிற்கோ அது பரம தம்ம சேதிய பிரிவேனா அமைந்த ஊர். வலானே ஸ்ரீ சித்தார்த்த தேரர் 1840களில் அங்கு நிறுவிய அப்பிரிவேனாவின் மாணாக்கருள் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் 1873இல் வித்தியோதயத்தையும், இரத்மலானை ஸ்ரீ தர்மாலோக தேரர் 1875இல் வித்தியாலங்காரத்தையும் தொடக்கினர். இம்மறுமலர்ச்சி எதிர்கொண்ட மிசனரிக் குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது, கடவுளும் ஆன்மாவும் இல்லாத பௌத்தம் வெறும் அழிவையே போதிக்கின்றது என்பதாகும். ஐரோப்பியப் புலமையுலகிலும் இவ்வினா விவாதிக்கப்பட்டது. மக்ஸ் முல்லர் 1869இல் கீல் நகரில் ஆற்றிய உரையின் தலைப்பே பௌத்த நிகிலிசம் பற்றியதுதான்.

இவ்வழக்கு நேர்முகமாக எழுந்தது 1873 ஆகஸ்ட் 26, 28ஆம் நாள்களில் நடைபெற்ற பாணந்துறை வாதத்திலாகும். வெஸ்லியன் போதகர் தாவீது த சில்வா, ஆன்மா இல்லையேல் வினை செய்பவன் ஒருவன், அதன் பயனை நுகர்பவன் வேறொருவன் ஆகிவிடும். அங்கு நீதி எங்ஙனம் நிலைக்கும் என வினவினார். கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரையின் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், மறுபிறப்பில் தோன்றுபவன் அவனேயுமல்லன், முற்றிலும் பிறனுமல்லன் என்ற மரபுவழி விடையை முன்வைத்தார். வாதத்தில் வென்றவர் யார் என்பது நமக்கு இரண்டாம் பட்சம். போதகரின் வினாவினுள் மறைந்துள்ள எடுகோளே கவனத்திற்குரியது. தாம் அறிந்த அடித்தளம் இல்லாவிடத்து வேறெவ்வடித்தளமும் இருத்தலாகாது என அவர் கொண்டார். ஆள்வோரின் சமயத்திற்கு இந்த எடுகோள் இயல்பாகவே வாய்க்கும்.

உண்மையிற் பௌத்தத்திற்கு இக்குற்றச்சாட்டுப் புதிதன்று. தாம் உயிரின் அழிவைப் போதிப்பதாகப் பிறர் பொய்யுரைக்கின்றனர் எனப் புத்தர் கூறுவதாக அலகத்தூபம சூத்திரம் காட்டுகின்றது. நன்றுக்கும் தீதுக்கும் பயனில்லை என்ற அஜித கேசகம்பலரின் உச்சேதவாதத்தைப் பௌத்த நூல்களே கண்டித்தன. சூனியம் என்ற சொல்லாலேயே பெயர்பெற்ற நாகார்ச்சுனரும் ஒன்றுமேயில்லை என்றாரில்லை; எப்பொருளும் பிறவற்றைச் சார்ந்தன்றித் தனித்தியங்குவதில்லை என்பதையே அச்சொல்லாற் குறித்தார். ஆயினும் சிவஞான சித்தியார் பரபக்கம் முதலாக நமது சைவ மரபு மாத்தியமிகரை அனைத்தும் பாழென்போராகவே கண்டு மறுத்தது. இன்று நிகிலிசத்தைச் சூனியவாதம் என மொழிபெயர்க்கும்போது அப்பழைய பிணக்கையும் அறியாமலே மொழிபெயர்த்துவிடுகிறோம். (நாட்டுவழக்கிற் சூனியம் செய்வினையையும் குறித்தல் வேறு கதை.)

அங்ஙனமாயின் மெய்யான சூனியவாதம் எங்குளது? மதிப்பீடுகளின் ஆதாரம் கரைவதை நீட்சே ஐரோப்பியப் பண்பாட்டின் நோயாகக் கண்டார். அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே, 1848இல், மார்க்சும் ஏங்கல்சும் அதன் பொருளியல் வேரைச் சுட்டியிருந்தனர். மனிதரிடையேயுள்ள பிணைப்புகளைக் காசுக்கணக்காக மாற்றும் சந்தையே புனிதங்களை நாளாந்தம் கரைக்கின்றது. நெல்லும் நூலும் உழைப்பும் விலையால் மாத்திரமே வேறுபடும் பேரேட்டில் இக்கொள்கை எவரும் உரைக்காமலே நடைமுறையிலுள்ளது. அப்பேரேட்டை வைத்திருப்பவர் கோயில் திருப்பணிக்கும் கொடையளிப்பவராயிருத்தல் கூடும். அவரை எவரும் சூனியவாதி என்பதில்லை.

முதலாளித்துவ அறத்தை மறுத்தமைக்காக அழிவுவாதிகள் என ஏசப்பட்டவர்கள் மார்க்சியர். அவர்களின் திறனாய்வே பின்னர் நம்பிக்கையின் தொனி குன்றிய படைப்பையெல்லாம் அதே பெயரால் ஒதுக்கியது விசனத்திற்குரியது. 1983க்குப் பிந்திய ஈழத்துக் கவிதையை அணுகுகையில் இப்பழக்கம் பெருந் தடையாகின்றது. தமது கவிதைகளை எரித்துவிட்டு 1991இல் உயிர்துறந்த சிவரமணியை அவரது முடிவைக்கொண்டு சூனியவாதி எனக் கூற முற்படுவோர், யுத்த இரவுகளிற் சிறாரின் குழந்தைமை பறிபோவதை அவர் பாடிய கவிதையை மீள வாசித்தல் வேண்டும். குழந்தைமை பேணப்படவேண்டியதென்ற துணிபு அவரிடம் இல்லாதிருப்பின் அக்கவிதையிற் சினத்திற்கு இடமே இராது. 2009க்குப் பின் எழுதுவோரிடத்தும் நாம் கேட்கவேண்டிய வினா, எதைக் காக்க முடியாமற்போன வேதனையில் இவர்கள் மறுத்துரைக்கிறார்கள் என்பதாகும்.