நடையிலேயே தெரியுதே... எப்படி பாஸ்?

மங்கலான சாயங்காலம். நோணாங்குப்பம் போட் ஹவுஸ்ல நிக்கிறீங்க. சுண்ணாம்பாற்றுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேர் நடந்து போறாங்க. முகம் தெரியலை, டிரெஸ்ஸும் தெரியலை. வெறும் நிழல்தான். ஆனாலும், 'ஒரு பையன், ஒரு பொண்ணு' என்று மூளை அடிச்சு சொல்லுது. யார் சொல்லிக் கொடுத்தது?

யாரும் இல்லை! ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-ல் ஒரு வேலை செய்தார். மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரிகிற மாதிரி ஆளை இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். அசையாதவரை வெறும் புள்ளிகள். அசைந்ததுமே, 'அட, மனுஷன் நடக்கிறான்!' என்றார்கள் பார்த்தவர்கள்.

1977-ல் அமெரிக்காவின் கோஸ்லோவ்ஸ்கியும் கட்டிங்கும், 'அந்தப் புள்ளி ஆணா, பெண்ணா?' என்று கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பதில்கள் கரெக்ட்! ரகசியம் தோளிலும் இடுப்பிலும் இருக்கிறது. சராசரியாக ஆண்களுக்கு இடுப்பைவிடத் தோள் அகலம்; நடக்கும்போது தோள் அதிகம் அசையும். பெண்களுக்கு இடுப்பு அசைவு கூடுதல். 'எப்படிக் கண்டுபிடிச்சே?' என்று கேட்டால் நமக்கே சொல்லத் தெரியாது.

முகத்திலும் இதே கதைதான். 2009-ல் ரிச்சர்ட் ரஸ்ஸல் ஒரே முகத்தை இரண்டு படமாக்கினார். தோலுக்கும் கண், உதட்டுக்கும் உள்ள நிற வித்தியாசத்தைக் கூட்டினால் பெண்ணாகத் தெரிந்தது. குறைத்தால் ஆண்! கண்மையும் லிப்ஸ்டிக்கும் செய்கிற மாயம் இப்போ புரியுதா?

ஆனா ஒண்ணு. இதெல்லாம் சராசரிக் கணக்கு. புள்ளிகளைப் பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பதில் தப்பு என்பதையும் மறந்துடாதீங்க.

அந்தத் தப்புக்கு விலை உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. ஊர் முழுக்க அவர் உடம்பைப் பற்றியே பேசியது. ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். நொறுங்கிப் போனவர் மீண்டு வந்து, பிள்ளைகளுக்குத் தடகளம் சொல்லிக் கொடுக்கும் கோச் ஆனார்.

மூளை நொடியில் லேபிள் ஒட்டும். அதைத் தடுக்க முடியாது. ஆனா கிளாஸ்ல ஒருத்தரோட குரலையோ நடையையோ வெச்சுக் கிண்டல் பண்றது மூளை தானா செய்யற வேலை இல்லை. அது நாம எடுக்கிற முடிவு. அதை நிச்சயம் நிறுத்தலாம்!