உள்ளங்கை அகலத்தில் உயிர் காக்கும் பிரேக் பேட்: வீட்டு வாசலிலேயே மாற்றலாம், தெரியுமா?

ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். அவற்றில் தேய்வதற்கென்றே பிறந்து, தேய்ந்து தேய்ந்தே நம்மைக் காப்பாற்றுகிற பாகம் பிரேக் பேட். ஒரு ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், நாலைந்து ஸ்பேனர், அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. இவ்வளவும் இருந்தால் பெரும்பாலான சின்னக் கார்களின் முன்சக்கர பேடுகளை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். அந்த வேலையில் கை வைக்கிற இடமெல்லாம் ஆச்சரியம்தான். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஒரே பிரேக்கில் ஒன்றரை லிட்டர் வெந்நீர்!

1,200 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் போகிறது. நீங்கள் பிரேக்கை அழுத்தி நிறுத்துகிறீர்கள். அந்த ஒரு நிறுத்தத்தில் பிறக்கும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? சுமார் 460 கிலோ ஜூல்! 30 டிகிரியில் இருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். இத்தனை வெப்பமும் சில விநாடிகளில், பேடும், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் டிஸ்கும் உரசுகிற அந்தச் சின்ன இடத்தில் உண்டாகிறது. இன்னொரு ஆச்சரியம்: வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு! 50 கி.மீ. வேகத்தில் நிறுத்துவதற்கும் 100 கி.மீ. வேகத்தில் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் உணர்வது உங்கள் கால் அல்ல, பேட்தான்.

முதல் பிரேக் லைனிங்கை மாட்டச் சொன்னது ஒரு பெண்!

1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல், தன் இரண்டு மகன்களோடு மோட்டார் வண்டியில் புறப்பட்டார் பெர்த்தா பென்ஸ். வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி. உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அதுதான். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக்குகள் தேய்ந்து பிடிப்பை இழந்தன. பெர்த்தா தளர்ந்துபோகவில்லை. பாவுஷ்லாட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவரிடம் போய், அந்தக் கட்டைகள் மேல் தோலை அடித்துத் தரச் சொன்னார். அந்தத் தோல்தான் கார் வரலாற்றின் முதல் பிரேக் லைனிங்! தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுகிற இந்த வேலையின் வயது, காரின் வயதோடு ஏறக்குறைய ஒன்றுதான்.

டிஸ்க் பிரேக்குக்கு 120 வயது தாண்டிவிட்டது!

டிஸ்க் பிரேக் ஏதோ நேற்று வந்த நவீனம் என்று நினைக்கிறோம். 1902-லேயே இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்! ஆனால் அவர் பயன்படுத்திய செம்புப் பேடுகள் காதைக் கிழிக்கும் சத்தம் போட்டன, சீக்கிரமே தேய்ந்தும் போயின. பிறகு 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. மற்றவர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்த வளைவுகளில், அது கடைசி நேரம்வரை வேகமாகப் போய் நிறுத்திக் காட்டியது. இரண்டே ஆண்டுகளில், 1955-ல், சிட்ரோயன் டிஎஸ் வழியாக டிஸ்க் பிரேக் பெருமளவில் தயாராகும் காருக்கும் வந்து சேர்ந்தது.

அந்தக் 'கிரீச்' சத்தம் கோளாறு அல்ல!

பல பேடுகளின் ஓரத்தில் மெல்லிய தகடு ஒன்று வளைந்து நிற்கும். பேட் தேய்ந்து எல்லைக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்கைத் தொட்டுக் கத்தும். கத்துவதற்காகவே வைத்த தகடு அது! புதிய பேடில் உரசும் பொருளின் தடிமன் பொதுவாக 10 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். சத்தத்தைக் கேட்டும் தள்ளிப்போட்டால், பின்னாலிருக்கும் இரும்புத் தட்டு டிஸ்கையே அறுக்கத் தொடங்கும். சின்னச் செலவு பெரிய செலவாகும் இடம் இதுதான்.

முன்சக்கரம்தான் அதிகம் உழைக்கிறது!

பிரேக் பிடிக்கும்போது வண்டி முன்னால் குனிவதைக் கவனித்திருப்பீர்கள். எடை முன்பக்கம் சாய்வதால் நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன்சக்கரங்களே சுமக்கின்றன. அதனால்தான் நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பிரேக் அடித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஜாக்கி ஏற்றும் முன்பே பாதி வேலை!

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு திருகினால் நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றும்! ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. தாங்க ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். வண்டி வெறும் ஜாக்கியில் நிற்கும்போது உடம்பின் எந்தப் பகுதியும் அதன் அடியில் போகக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

ஒரே ஒரு போல்ட்டில் திறக்கும் கதவு!

சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை டிஸ்கின் இரு பக்கமும் பிடித்திருக்கும் காலிப்பரின் முதுகு வெளியே தெரியும்படி ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொள்ளுங்கள். பல சின்னக் கார்களில் காலிப்பரின் கீழ்ப் போல்ட்டை மட்டும் கழற்றினால் போதும். மேல் பின்னைச் சுற்றிக் காலிப்பர் அப்படியே மேலே திறந்துகொள்ளும். உள்ளே இரண்டு பேடுகள் உட்கார்ந்திருக்கும்! முழுவதும் கழற்ற வேண்டிய மாடல் என்றால் காலிப்பரைக் கட்டுக்கம்பியால் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழிந்துபோகலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம்: ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். கிளிப் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்ற சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டு, காலிப்பருக்குள் பேடை அழுத்துகிற பிஸ்டன் ஒன்றை உள்ளே தள்ளினால், பிரேக் ஆயிலின் அழுத்தம் மறுபக்கத்து பிஸ்டனை வெளியே தள்ளிவிடக்கூடும்! மூடிய பாத்திரத்துத் திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் போகும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் சொன்னது உங்கள் வீட்டு வாசலில் நிரூபணமாகிவிடும்.

ஸ்பிரிங்கே இல்லாமல் பின்வாங்கும் பிஸ்டன்!

பெடலிலிருந்து காலை எடுத்ததும் பேடுகள் டிஸ்கை விட்டுவிடுகின்றன. இழுப்பது எது? காலிப்பருக்குள் தேடிப் பாருங்கள், பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் ஏதும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது! அழுத்தும்போது சீல் லேசாக முறுக்கிக்கொள்கிறது, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு பின்னம் பின்னால் கொண்டுவருகிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் அந்தச் சீல் வழியாக வழுக்கி முன்னேறித் தன் இடத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது. காசு பெறாத ரப்பர் வளையம் ஒன்று செய்கிற மகத்தான வேலை இது!

புதிய பேட் தடிமனானது. ஆகவே வெளியே வந்துவிட்ட பிஸ்டனை, பழைய பேடை மேலே வைத்து, சி-கிளாம்ப் போட்டு மெல்ல மெல்ல உள்ளே அழுத்த வேண்டும். அப்போது பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழியவிடாதீர்கள், அது பெயின்ட்டை அரித்துவிடும். ஹேண்ட்பிரேக்கோடு இணைந்த பின்சக்கர டிஸ்க் என்றால் பிஸ்டனை அழுத்தக் கூடாது, பல மாடல்களில் திருகித்தான் உள்ளே செலுத்த வேண்டும். எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

பழைய பேடைத் தூக்கிப் போடாதீர்கள், படியுங்கள்!

கழற்றிய நான்கு பேடுகளையும் வரிசையாக வையுங்கள். உள் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர வேண்டிய பின் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தால் அங்கேயும் ஏதோ சிக்கியிருக்கிறது. பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் தடவுங்கள். உரசும் முகத்திலோ டிஸ்கிலோ ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமனும் அதன் மீதே பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தால் பேட் மட்டும் மாற்றிப் பயனில்லை.

சுத்தம் செய்யும்போது தூசியை வாயால் ஊத வேண்டாம், காற்றடிக்கவும் வேண்டாம். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்தெடுங்கள். பல பத்தாண்டுகளாகப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. இன்றைய பேடுகளின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாதுதான். பேடிலிருக்கும் செம்பு மழைநீரில் கலந்து மீன்களைப் பாதிக்கிறது என்பதால் கலிஃபோர்னியா 2010-லேயே அதைக் குறைக்கச் சட்டம் போட்டது. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் முதன்முறையாகப் பிரேக் தூசிக்கும் வரம்பு வைக்கின்றன!

பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும்!

டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. 4 சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே கொதிநிலை 155 டிகிரிவரை இறங்கிவிடலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் என்ன ஆகும்? ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். குமிழ் அமுங்கும், மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. மலைப்பாதையில் 'குறைந்த கியரில் இறங்கவும்' என்று போர்டு வைப்பது இதற்காகத்தான். என்ஜின் சுமக்கும் பாரம் பேடுக்கு மிச்சம்.

முதல் மிதி பள்ளத்தில் விழும்!

எல்லாம் மாட்டிச் சக்கரத்தையும் முடுக்கிவிட்டீர்கள். வண்டியை நகர்த்தாதீர்கள்! உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. முதல் மிதியில் பெடல் தடையில்லாமல் அடிவரை போகும். நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை திரும்பத் திரும்ப மிதியுங்கள். ஆயில் மட்டத்தைப் பாருங்கள். வீல் நட்டுகளை, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள். எத்தனை முறை மிதித்தும் பெடல் மெத்தென்று இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

புதிய பேட் டிஸ்கோடு பழக வேண்டும்!

புதிய பேட் உடனே முழுப் பிடிப்பைத் தராது. காலி சாலையில் 50, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைப்பதை, இடைவெளி விட்டு, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். பேடின் பொருள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக டிஸ்கில் படியும். பிறகு நடப்பது வெறும் உரசல் மட்டுமல்ல, பேடும் அந்தப் படலமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதும்தான்!

இந்தப் பேட் நம் ஊர்ப் பிள்ளை!

இந்தியாவின் பிரேக் தொழிலில் சென்னைக்குத் தனி இடம் உண்டு, தெரியுமா? 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1974-ல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் இரண்டுமே பாடியில் வேர்விட்டவை. அந்தப் பக்கம் ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர்கள், நாட்டின் கார்களையும் லாரிகளையும் நிறுத்துகிற கைகளுக்குப் பக்கத்தில்தான் தினமும் போய்வருகிறார்கள்!

இவ்வளவும் படித்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுக்கத் தயக்கமாக இருக்கிறதா? முதல் முறை, வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். செய்யவே விருப்பமில்லை என்றாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்தால் பல கார்களில் வெளி பேட் தெரியும். உள் பேட் அவ்வளவு எளிதில் தெரியாது, பல நேரங்களில் அதுதான் முதலில் தேய்கிறது. அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது "உள் பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?" என்று கேட்டு, பதிலை எழுதி வையுங்கள். எண் 3-ஐ நெருங்கினால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்!