பார்வை இருக்கும்போதே எடுக்க வேண்டிய தீர்மானம்

‘சீனி வருத்தம்’ என்று எமது மக்கள் குறிப்பிடும் நீரிழிவு நோய் எட்டாத குடும்பங்கள் இன்று அரிதாகி வருகின்றன. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தமை கண்டறியப்பட்டது. காலில் ஏற்படும் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் பற்றி அஞ்சும் எம்மவர்கள், கண்ணைப் பற்றி அந்தளவுக்குச் சிந்திப்பதில்லை. நோவோ சிவப்போ இன்றி, பார்வையும் தெளிவாக இருக்கும் நிலையிலேயே விழித்திரை பாதிக்கப்படுவதுதான் இதற்குக் காரணமாகும்.

இத்தகையவரிடம் கண் வைத்திய நிபுணர் லேசர் சிகிச்சையைப் பரிந்துரைக்கும்போது தயக்கம் எழுகின்றது. “நன்றாகத்தானே தெரிகின்றது, பிறகு பார்ப்போம்” என்கின்றார் ஒருவர். “லேசர் அடித்த பிறகுதான் அவருக்குக் கண் தெரியாமல் போனது” என அயலவரை உதாரணம் காட்டுகின்றார் மற்றொருவர். இவ்விரண்டு கருத்துகளையும் நாம் இங்கு ஆராய வேண்டியுள்ளது.

இரத்தத்தில் சீனியின் அளவு நீண்டகாலம் உயர்ந்திருக்கும்போது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. சில அடைபட்டுப் போகின்றன. ஒட்சிசன் கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களைத் தோற்றுவிக்கும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றது. அவ்வாறு முளைக்கும் குழாய்கள் மிகவும் பலவீனமானவை. அவை வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் பெருகுவதாலும், விழித்திரை இழுபட்டுக் கழன்றுவிடுவதாலுமே பார்வை பறிபோகின்றது.

லேசர் கதிர் விழித்திரையின் ஓரப் பகுதிகளில் சிறு சிறு புள்ளிகளாகச் சுட்டு, அப்பகுதியின் ஒட்சிசன் தேவையைக் குறைக்கின்றது. இதனால் புதிய குழாய்கள் படிப்படியாகச் சுருங்குகின்றன. அதாவது, மையப் பார்வையைக் காப்பதற்காக ஓரத்தில் ஒரு பகுதி தியாகம் செய்யப்படுகின்றது. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் ஓரளவு குறையக்கூடும் என்பதை மறைப்பதற்கில்லை. சிகிச்சையின்போது சிலருக்கு நோவும் ஏற்படும். அன்றைய தினம் பார்வை மங்கலாக இருக்குமாதலால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதே உசிதமானது.

இழந்த பார்வையை லேசர் பெரும்பாலும் மீட்டுத் தருவதில்லை, எஞ்சியிருப்பதையே காக்கின்றது. அமெரிக்காவில் 1,700 இற்கும் மேற்பட்ட நோயாளர்களின் ஒரு கண்ணுக்கு மாத்திரம் லேசர் அல்லது அதையொத்த ஒளிக்கதிர் செலுத்தி, மறு கண்ணுடன் ஒப்பிட்ட ஆய்வொன்றின் பெறுபேறுகள் 1976 இல் வெளியாகின. சிகிச்சை பெற்ற கண்களில் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. அயலவரின் கண் பார்வையிழந்ததற்குப் பல சந்தர்ப்பங்களில் லேசர் அல்ல, அது காலந்தாழ்த்திக் கிடைத்தமையே காரணம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

தற்போது கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்துகளும் உள்ளன. விழித்திரையின் மையப் பகுதி வீங்கிப் பார்வை குறைந்தோருக்கு இவை பெரிதும் பயனளிக்கின்றன. புதிய குழாய்களைக் கட்டுப்படுத்துவதிலும் லேசருக்கு இவை குறைந்தவையல்ல என 2015 இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும், ஊசியைத் தவணை தவறாது தொடர வேண்டும். இடைநடுவில் நிறுத்தியவர்களின் கண்கள், லேசர் பெற்றபின் வைத்தியசாலைக்கு வராதிருந்தோரின் கண்களை விடவும் மோசமடைந்தமை 2019 இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. ஒருநாள் கூலியை இழந்து, பஸ் ஏறித் தொலைதூரம் சென்று கிளினிக்கில் காத்திருக்க வேண்டிய ஒருவர், தன்னால் ஒழுங்காக வரமுடியுமா என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கூறித் தீர்மானிப்பதே புத்திசாலித்தனமாகும்.

லேசர் பெற்றதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. சீனியையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்திராவிடின் நோய் மீண்டும் தலைதூக்கும். நோன்பு நோற்கும் முஸ்லிம் நோயாளர்கள், மருந்து நேரங்களை மாற்றுவது பற்றி ரமழானுக்கு முன்னரே வைத்தியருடன் ஆலோசிக்க வேண்டும். கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் தோன்றினாலோ அடுத்த கிளினிக் தினம்வரை காத்திருத்தல் கூடாது.

எனவே, நீரிழிவு கண்டறியப்பட்ட பெரியோர் அப்போதே ஒரு தடவையும், அதன்பின் பொதுவாக ஆண்டுதோறும், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது அவசியமாகும். வீட்டிலுள்ள முதியவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்க வேண்டும். “நன்றாகத்தானே தெரிகின்றது” என்று ஒருவர் கூறக்கூடிய காலமே லேசரால் அவருக்கு அதிக பயன் கிடைக்கும் காலம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.