சூலுற்ற தாயின் உழைப்பும் ஓய்வும்

சூலுற்ற பெண்ணுக்கு ஒரே வீட்டிலே இருவகைப் புத்திமதி கிடைப்பது வழக்கம். குனிந்து நிமிர்ந்து வேலை செய்தாற்றான் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்று பாட்டி சொல்லுவாள்; அசையாது படுத்திரு என்று தாய் சொல்லுவாள். அவள் உத்தியோகம் பார்ப்பவளாயின் மூன்றாவது குரலொன்றும் சேர்ந்துகொள்ளும். மாலையில் உலாவப் போகின்றவளுக்குச் சுகயீன லீவு எதற்கு என்று வேலைத்தலத்தில் வினாவுவர். இம்மூன்று கூற்றுக்களும் ஒரு மயக்கத்தினின்றே பிறக்கின்றன. உடற்பயிற்சியும் ஊதியத்துக்குச் செய்யும் வேலையும் உடலசைவு என்னும் அளவில் ஒன்றாயினும், உடலுக்கு அவை செய்வன வேறு வேறாம்.

கருப்ப காலத்தில் தாயின் குருதி நூற்றுக்கு 40 முதல் 50 வரை பெருகுகின்றது. அதனை ஓட்டுதற்கு இருதயமும் மிகுதியாக உழைக்கின்றது. இடுப்பெலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. இந்நிலையில் நடத்தலும் நிற்றலும் ஒன்றல்ல. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்காற்றசைகள் சுருங்கிக் குருதியை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. நெடுநேரம் ஓரிடத்தில் நிற்பவளுக்கு அவ்வுதவி இல்லை, குருதி கால்களிலே தேங்குகின்றது, கால் வீங்குகின்றது, தலை சுற்றுகின்றது. எனவே, கரும்பலகையின் முன்னே ஐந்து பாடவேளை நின்ற ஆசிரியை களைத்தவளேயன்றி உடற்பயிற்சி செய்தவளல்லள். பாடசாலை நேரசூசி வகுப்போர் இதனை நினைவிற் கொள்வாராயின் நன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறிப்பவளின் நிலை இன்னும் கடினமானது. சரிவிலே கால் ஊன்றி நிற்க வேண்டும். முதுகிலுள்ள கூடையின் பாரமோ நேரம் செல்லச் செல்லக் கூடும். உலாவப் போனவள் களைத்தால் மர நிழலில் அமரலாம். கொழுந்து பறிப்பவள் எப்பொழுது அமர்வது என்பது அவள் கையில் இல்லை.

வைத்திய நூலாரின் கருத்தும் இவ்விடயத்திலே பெரிதும் மாறியுள்ளது. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 1985ஆம் ஆண்டிலே, பயிற்சி செய்யும் கருப்பிணியின் இருதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டலாகாது என்றும், கடும் பயிற்சி 15 நிமிடத்துக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. 1994இல் அவ்வெல்லை கைவிடப்பட்டது. 2020இல் உலக சுகாதார நிறுவனம், தடையேதும் இல்லாத கருப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் மேற்கொள்ளல் வேண்டும் எனக் கூறிற்று. மிதமானது என்பது விரைந்து நடத்தல் போல்வது. கடும் வெப்பத்தில் பயிற்சி ஆகாது. முதல் மூன்று மாதங்களுக்குப் பின் மல்லாந்து கிடந்து செய்யும் பயிற்சியும் ஆகாது. குருதிக் கசிவு, நீர் கசிதல், மயக்கம், நெஞ்சு நோவு என்பன தோன்றின் உடனே நிறுத்தி வைத்தியரை நாடல் வேண்டும். குருதியழுத்த நோயுற்றோரும், நச்சுக்கொடி கருப்பை வாயிலை மூடி நிற்கும் நிலையினரும் வைத்தியர் சொற்படியே ஒழுகற்பாலர்.

மறுபுறத்தே, படுக்கையில் கிடத்தல் குறைமாதப் பிறப்பைத் தடுக்கும் என்ற பழைய நம்பிக்கைக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. நாட்பட்ட படுக்கையால் தசை மெலிதலும், எலும்பு நலிதலும், கால் நாளங்களிற் குருதி உறைதலும் நேரக்கூடும். ஆகவே லீவு என்பது படுக்கை என்று பொருள்படாது. வேலையினின்று நீங்கியவள் நடந்து திரிதல் குற்றமுமன்று, பொய்யுமன்று.

அங்ஙனமாயின் லீவு எத்துணை வேண்டும்? நோர்வே நாட்டிலே, ஒசுலோ நகரை அடுத்த ஆக்கசூசு வைத்தியசாலையில் மகப்பேற்றுக்குப் பதிந்த பெண்களிடையே நடந்த ஆராய்ச்சி ஒன்று 2013இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 75 பேர் கருப்ப காலத்தில் எப்பொழுதாவது சுகயீன லீவு பெற்றிருந்தனர். அதன் சராசரி எட்டு வாரம். களைப்பு, இடுப்பு நோவு, குமட்டல் என்பனவே பெருங் காரணங்கள். வேலையை அவர்தம் உடல்நிலைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தவிடத்து, லீவு ஏறக்குறைய ஏழு நாட் குறைந்திருந்தது என்பது உன்னத்தக்கது.

இலங்கையிலே இவ்வேழு நாளுக்கு வேறொரு பொருளுண்டு. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, சுகயீனத்துக்கும் சொந்தக் கருமங்களுக்கும் சேர்த்து ஆண்டொன்றுக்கு உரிய அமய லீவு ஏழு நாளே. பிரசவ லீவு இதனின் வேறு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த அது பன்னிரண்டு வாரம். மூன்றாம் பிள்ளை முதலாக அதனைப் பாதியாக்கிய விதி 2018இல் நீக்கப்பட்டது. எனினும் பன்னிரண்டில் இரண்டு வாரமே பேற்றுக்கு முந்தியவை. மூன்றாம் மாதத்துக் குமட்டலும் ஆறாம் மாதத்து இடுப்பு நோவும் அவ்விரு வாரம் வரும்வரை காத்திருப்பதில்லை. குமட்டலுக்கே அமய லீவைச் செலவிட்டவள், பின்னர் ஆண்டு லீவையோ ஊதியத்தையோ இழக்க நேர்கின்றது.

கருப்பத்தால் வந்த நோய்க்குப் பிரசவ லீவின் மேலும் லீவு அளித்தல் வேண்டும் என்னும் கொள்கை புதியதன்று. சருவதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டுச் சமவாயத்தில் அது காணப்படுகின்றது. இலங்கை அதனை 1993இல் ஏற்றுக்கொண்டது. 1939ஆம் ஆண்டுச் சட்டமும், கருப்பத்தையோ அதனால் விளைந்த நோயையோ மட்டும் காரணமாகக் காட்டி ஒருத்தியை வேலைநீக்கலாகாது என்கின்றது. பேற்றுக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு விளைக்கும் வேலையைக் கொடுத்தலையும் தடுக்கின்றது. ஆயின் இன்ன வேலை தீங்கானது என்பதை யாரேனும் எழுதிக் கொடுத்தாலன்றி முகாமையாளர் அறியார். வைத்தியரிடம் செல்லும் பெண் எத்தனை நாள் லீவு என்று மட்டும் கேளாது, தான் எத்தனை மணி நேரம் நிற்கின்றாள், எவ்வளவு பாரம் தூக்குகின்றாள், இரவு வேலை உண்டா என்பவற்றையும் சொல்லுதல் வேண்டும். அப்பொழுதுதான் அத்தாட்சிப் பத்திரத்திலே நாட்கணக்கோடு, இருந்து செய்யும் வேலை கொடுக்க என்ற வரியையும் அவர் சேர்க்க இயலும்.