பங்குனியில் சிவக்கும் உள்ளான்கள்

பழவேற்காடு ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் தை மாதத்தில்தான் போகிறார்கள். பூநாரைக் கூட்டத்தைப் படம் பிடித்து, மத்தியானம் இறால் வறுவலோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பங்குனியில் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்பேன். வெயில் கொளுத்தும்தான். ஆனால் வலசை வந்த பறவைகள் வடக்கே கிளம்ப ஆயத்தமாவதை அப்போதுதான் பார்க்க முடியும்.

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கோடையில் தண்ணீர் வற்றி, ஏரியோரம் சேறு வெளியே தெரியும். விடிந்ததும் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அரைமணி நேரம் அசையாமல் இருந்தால், சேற்றில் மேயும் கரைப்பறவைகளான உள்ளான்கள் தாமாகவே கிட்டே வரும்.

போன பங்குனியில் ஒரு வளைமூக்கு உள்ளான் பத்தடி தூரத்தில் மேய்ந்தது. மார்கழியில் அது சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக இருக்கும். இப்போதோ மார்பெல்லாம் செங்கல் நிறத் திட்டுகள், வெள்ளை வேட்டியில் செம்மண் தண்ணீர் தெறித்தது போல. புது இறகுகளின் நுனியில் வெள்ளை விளிம்பு இருந்தது. அது தேயத் தேயத்தான் சிவப்பு முழுசாக வெளிப்படும். கண்வரை மூக்கைச் சேற்றில் விட்டு ஒரு புழுவைப் பிடித்தது. அறுந்துவிடாமல் மெல்ல இழுத்து, பக்கத்துக் குட்டையில் அலசி விழுங்கியது. உடனே அடுத்த புழுவுக்கு மூக்கை விட்டது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: “என்ன தம்பி, இதுங்க இன்னும் போவலையா?”

“கொஞ்ச நாள்ல கெளம்பிடும், ஐயா.”

“அதான் இந்தத் தீனி திங்குது.”

சரியாகச் சொன்னார். சுமார் 60 கிராம் எடையுள்ள பறவை இது. சைபீரியத் தூந்திரத்துக்கு 6,000 கிலோமீட்டருக்கும் மேல் பறக்க வேண்டும். அதற்கான எரிபொருள் இந்தச் சேற்றிலிருந்து சேர்க்கும் கொழுப்புதான். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்துக்குள் ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒவ்வொரு முறை அவை பதறி எழும்பும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைந்துபோகிறது, மேயும் நேரமும் வீணாகிறது. தயவுசெய்து அவற்றை விரட்டாதீர்கள், சேற்றில் வண்டியையும் இறக்காதீர்கள்.

ஜூனில், பனி உருகும் தூந்திரத்தில் அவை முட்டையிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் பெண்பறவையின் வேலை. ஆண்பறவைகள் ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். ஆகஸ்டில் நம் கரைகளில் மறுபடி உள்ளான்களைக் காணலாம், சிவப்பு பாதி உதிர்ந்த கோலத்தில்.

எல்லாமே போய்விடுவதில்லை. முந்தைய ஆண்டு பிறந்தவற்றில் பல, முதல் கோடையை இங்கேயே கழித்துவிடும். கத்திரி வெயிலில் ஏரிப் பக்கம் போனால், சிவப்பே ஏறாத சாம்பல் உள்ளான்கள் சில, சுருங்கிப்போன தண்ணீரின் ஓரமாக மேய்ந்துகொண்டிருக்கும்.