எஃப்.ஐ.ஆரில் பெயர் இருந்தால் போதுமா?

காரின் டேஷ்போர்டில், வழுக்கி ஓடும் காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. ஈரச் சாலையில் திரும்பும்போது அது சில நொடிகள் மினுக்கினால் பயப்பட ஒன்றுமில்லை. இஎஸ்சி எனப்படும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு அப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. விடாமல் எரிந்தால்தான் சங்கதி வேறு. அமைப்பு எதையோ சந்தேகித்துத் தன் வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள். அடுத்து நடப்பதும் பெரும்பாலும் தெரிந்த கதைதான். ஸ்கேனரைச் சொருகுகிறார்கள், திரையில் ஒரு கோட் வருகிறது, அதில் எந்த சென்சாரின் பெயர் இருக்கிறதோ அதைக் கழற்றிப் புதிது போடுகிறார்கள். சில நாள் கழித்து விளக்கு மறுபடி எரிகிறது. கோட் என்பது எஃப்.ஐ.ஆர். போன்றது, அதில் பெயர் வந்துவிட்டதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். விசாரிக்காமல் தண்டனை கொடுக்கும் இந்தப் பழக்கம்தான் இஎஸ்சி பழுதில் பணத்தைத் தின்கிறது என்பது என் வாதம்.

காரணம் அந்த அமைப்பு யோசிக்கும் விதத்திலேயே இருக்கிறது. 1995-ல் போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. ஓட்டுநர் எங்கே போக விரும்புகிறார் என்பதை ஸ்டீயரிங் கோண சென்சார் சொல்கிறது. கார் உண்மையில் எப்படித் திரும்புகிறது, எவ்வளவு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது என்பதை வேறு இரண்டு சென்சார்கள் சொல்கின்றன. நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியே வருகிறது. போஷ் சொல்லும் கணக்குப்படி நொடிக்கு 25 முறை இவை ஒப்பிடப்படுகின்றன. விருப்பமும் நிஜமும் விலகினால் தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் விழுகிறது, இன்ஜின் இழுவையும் குறைக்கப்படுகிறது. அறுந்த வயரைக் கட்டுப்பாட்டுப் பெட்டியால் உடனே கண்டுகொள்ள முடியும். ஆனால், பொய் சொல்லும் சென்சாரை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது; இரண்டு சாட்சியம் முரண்படுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வீல் அலைன்மெண்ட் செய்தபின் ஸ்டீயரிங் சென்சாரின் பூஜ்ஜியத்தைச் சரிசெய்யாமல் விட்டால், நேராக ஓடும் காரை அது திரும்பும் காராக நினைக்கிறது. அப்போது பழி, கார் திரும்புவதை அளக்கும், ஒரு பாவமும் அறியாத சென்சார் மேல் விழக்கூடும். ஒரு சக்கரத்தில் மட்டும் வேறு அளவு டயர் போட்டாலும் இதே குழப்பம் வரலாம். இன்ஜினில் கோளாறு என்றாலும் பல கார்களில் இஎஸ்சி விளக்கு கூடவே எரியும்; இழுவையைக் குறைக்கச் சொன்னால் இன்ஜின் கேட்கும் என்ற நம்பிக்கை போய்விடுகிறதே!

அதிகம் பிடிபடுவது சக்கர வேக சென்சார். ‘இடது பின் சக்கரம்’ என்று கோட் சொன்னால், அந்த மூலையில் ஏதோ தவறு என்ற அளவுக்கு நம்பலாம். சென்சாரே கெட்டிருக்கலாம். சக்கரத்தோடு ஆடி ஆடி வயர் உறைக்குள்ளேயே முறிந்திருக்கலாம். கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கலாம். பேரிங் தளர்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். காந்த வளையம் பதித்த பேரிங்கைத் திருப்பிப் போட்டிருந்தால், எத்தனை புது சென்சார் மாற்றினாலும் சிக்னல் வராது. பிரித்தறிய வழி உண்டு. ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே வரைபடமாக வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால், நிற்கப்போகும் நேரத்தில் எந்தக் கோடு மற்றவற்றுக்கு முன்பாக விழுகிறது என்று தெரியும். பிறகு வயரை அசைத்துப் பார்க்க வேண்டும், கனெக்டரில் வோல்டேஜ் அளக்க வேண்டும். பழைய வகை சென்சாருக்குப் பழகிய கை மல்டிமீட்டரில் ஓம் பார்க்கப் போகும். இன்றைய கார்களில் உள்ள ஆக்டிவ் வகையில் அந்த எண்ணால் பயனில்லை.

கோளாறு சென்சாரில் இல்லாமல் இணைப்பில் இருக்கக்கூடும் என்பதற்குப் பெரிய சான்று அமெரிக்காவில் கிடைத்தது. 2014 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே ஷெவர்லே மாலிபு உள்ளிட்ட சுமார் 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு எரியாமல் போகலாம், மிதிக்காதபோது எரியலாம், இஎஸ்சியும் செயலிழக்கலாம். மூலகாரணம், விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் இணைப்பில் அதிர்வால் உண்டான அரிப்பு. பெடல் நிலை சிக்னல் அதில் சிதைந்தது. நிறுவனம் சொன்ன தீர்வோ, இணைப்பு அசையாமல் ஒரு சிறு துண்டைச் செருகி, அரிப்பைத் தடுக்கும் கிரீஸ் தடவி, பெடலின் ஓய்வுநிலையை மீண்டும் பதிவுசெய்வது. இஎஸ்சியின் சென்சார்களையோ, சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பிரித்தனுப்பும் ஹைட்ராலிக் பெட்டியையோ தொடவே வேண்டியிருக்கவில்லை.

இப்படியெல்லாம் ஆராய யாருக்கு நேரம், சென்சாரை மாற்றிப் பார்ப்பதே மலிவு என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். சக்கர சென்சாருக்கு அது ஓரளவு நியாயம்தான். பல நேரம் கோட் சொன்னதே சரியாகவும் இருக்கும். ஆனால் ஹைட்ராலிக் பெட்டி விலை அதிகம். மாற்றினால் பிரேக் ஆயிலில் காற்று நீக்க வேண்டும், பல கார்களில் புரோகிராமும் ஏற்ற வேண்டும். ஊகம் தப்பினால் அந்தப் பணம் திரும்பாது. சோதனைக்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர்கள் மறுப்பதும் இந்தக் கோளாறில் பாதி. பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம், யோசித்த நேரத்துக்குச் சில நூறு கேட்டால் முகம் சுளிப்போம்.

பிரேக் பிடிக்கிறதே, விளக்கு எரிந்தால் எரியட்டும் என்பவர்களும் உண்டு. சாதாரண பிரேக் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அதே சக்கர சென்சார்களை நம்பித்தான், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்சும் இருக்கிறது; ஒன்று போனால் இன்னொன்றும் போகலாம். 2007-ல் இஎஸ்சியைக் கட்டாயமாக்கும் விதியை வெளியிட்டபோது, தனி வாகன விபத்துகளைக் கார்களில் 34 சதவீதமும் எஸ்யூவிகளில் 59 சதவீதமும் அது குறைக்கும் என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டது. எரியும் விளக்கோடு ஓட்டுபவர் அந்தப் பலனை விட்டுக்கொடுக்கிறார்.

எனவே அடுத்த முறை பாகத்தை மாற்றச் சொன்னால், கோட் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனையில் அந்தப் பாகம் கெட்டது என்று தெரிந்தது எனக் கேளுங்கள். பதில் ‘ஸ்கேனர் சொன்னது’ என்பது மட்டுமாக இருந்தால், பில்லுக்குச் சம்மதிக்காதீர்கள்.